படியில் ஒரு கால்

அந்தப் பேச்சு நடந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஆறு பேர். மேசையின் தலைப்பக்கம் அப்பா. ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் பணிமனையில் அவருக்குப் பெரிய டிரைவர் என்றுதான் பெயர். அவருக்கு வலப்பக்கம் மூத்த மகள், பெரியவள். அவளும் பேருந்து ஓட்டுகிறவள். அவளுக்கு அடுத்து அவள் கணவர், தையல்காரர். எதிரே அவள் தம்பி சின்னவன், அவனும் ஓட்டுநர். அவன் பக்கத்தில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி. மேசையின் கோடியில் அந்த மனைவியின் அண்ணன். அவர்தான் பணிமனையின் மேற்பார்வையாளர். ஏழாவதாக ஒருவரும் அங்கே இல்லை. "நானும் அன்னிக்கு அங்கதான் இருந்தேன்" என்று பிற்பாடு கதை சொன்னவர்கள் எல்லாரும் காதால் கேட்டவர்கள்தான்.

பெரியவள் நிமோனியாவில் படுத்து எழுந்திருந்த சமயம் அது. வேலைக்குத் திரும்பியவளிடம் அவளுடைய பேருந்தின் சாவியைத் தரவில்லை. பாஸ் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். அது தற்காலிகம் என்று வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

மேற்பார்வையாளர் கையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "அக்கா இனிமே அந்த ஜன்னல்லயே இருந்துடட்டும் மாமா. உக்காந்த வேலை. மூச்சு வாங்காது."

அப்பாவின் கை தட்டில் அப்படியே நின்றது. "எங்க வீட்ல இதுவரைக்கும் யாரையும் ஜன்னலுக்குப் பின்னாடி உக்கார வச்சதில்ல, தம்பி."

"கோவிச்சுக்காதீங்க மாமா. மாடிப்படியையே நின்னு நின்னுதான் ஏறுறாங்க. நான் பாக்கறேன்ல? முதுகுக்குப் பின்னாடி அம்பது பேரு உயிரு இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பெரியவள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். பொய்யாக இருந்தால் சிரித்துத் தள்ளியிருப்பாள்.

"இந்த வருஷம் அரை மாரத்தான்ல நான் ஓடுறேன். சொந்தக் கால்ல முடிச்சுட்டு வந்தா என் வண்டிச் சாவி என் கைக்கு வரணும்."

"முடிக்கலேன்னா?"

"நானே போய் ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்துக்கறேன். யாரும் சொல்ல வேண்டாம்."

மேற்பார்வையாளர் சிரித்தார். "சரி. சொந்தக் கால்ல வாங்க. சாவி தர்றேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தையல்காரர் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதே அவ்வளவுதான். "அளவெடுக்காம துணிய வெட்டிட்ட."

அந்த ஊரின் அரை மாரத்தானில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக ஓடுகிறவருக்குப் பின்னால் பணிமனையிலிருந்து ஒரு பேருந்து மெதுவாக வரும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும். ஏறினால் ஓட்டம் முடிந்தது, அவ்வளவுதான். பணிமனைக்காரர்கள் அதைத் துடைப்ப வண்டி என்பார்கள். முந்தைய சில வருடங்களாக அதை ஓட்டியவள் பெரியவள்தான். நொண்டிக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து, "வாங்க வாங்க, உக்காந்துட்டே ஓடலாம்" என்பாள். அழுதவர்களும் சிரித்துவிடுவார்கள். இப்போது அந்தக் கதவை நினைத்தாலே அவள் வாய் உலர்ந்தது.

ஓட்டப் பாதை முக்கால்வாசி அவள் பேருந்து போகும் பாதைதான். தூக்கத்தில்கூட ஓட்டுவேன் என்று சொல்லக்கூடிய சாலை. அதனால் ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம், அங்கிருந்து அதற்கடுத்தது என்று பழக ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாரம் நிறுத்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருமுவதற்கே சரியாக இருந்தது. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒரு கிழவர், "அவசரப்படாதம்மா, வண்டி இன்னும் வரல" என்றார்.

மூன்றாவது வாரத்தில் அது நடந்தது. பழைய கிடங்குகள் இருக்கும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். திடீரென்று பார்வையின் இரண்டு ஓரத்திலிருந்தும் யாரோ திரை இழுப்பது போல் இருட்டு வந்தது. நடுவில் தட்டளவுக்கு மட்டும் வெளிச்சம். கை நீட்டியதில் கம்பம் கிடைத்தது. பிடித்துக்கொண்டாள். காதுக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தம். பிறகு திரை விலகியது, தெரு திரும்பி வந்தது. யாரும் பார்க்கவில்லை.

கம்பத்தை விட்டு நகர வெகுநேரம் ஆனது. செத்துப்போவோமோ என்கிற பயம் மனிதர்களுக்கு வருவதுதான். அவளுக்கு அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்தது. இறக்கத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் நின்றுகொண்டு வருகிறவர்கள், மடியில் பிள்ளை வைத்திருப்பவர்கள். அப்போது அந்தத் திரை வந்தால்? கை நீட்டினால் பிடிக்க அங்கே கம்பம் கிடையாது.

பணிமனை டாக்டரிடம் சொன்னால் அன்றோடு சாவி போய்விடும். வீட்டில் சொன்னால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது. கணவரிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. தனக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டாள். ஓட்டத்தன்று திரை வந்தால் துடைப்ப வண்டியில் ஏறிவிடுவது, அதோடு ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. மேற்பார்வையாளர் மறுபடி சாவியைக் கொடுத்தாலும் தொடுவதில்லை.

பட்ட காலிலே படும் என்பார்கள். அடுத்து அடி விழுந்தது நிஜமாகவே காலில். ஓட்டுநர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு நொடிக்கு ஒரு தரம் கண் பக்கக் கண்ணாடிக்குப் போகும். ஓடுகிறவளின் தோளில் கண்ணாடி இல்லை, ஆனாலும் கழுத்து திரும்பிக்கொண்டே இருந்தது. திரை வந்த நாளிலிருந்து அது இன்னும் அதிகமாயிற்று, பின்னால் ஏதோ வருவது போல. அப்படித் திரும்பிய ஒரு சமயம் நடைபாதையின் விளிம்பில் கால் பிசகி, கணுக்கால் மடங்கியது. வீடு வந்து சேர்வதற்குள் பூசணி போல் வீங்கிவிட்டது.

சின்னவன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன்க்கா, உன்ன யாரு ஓவர்டேக் பண்ண வந்தா?"

அவன் மனைவி களிம்பு கொண்டு வந்தாள். "வீக்கத்துக்கு இது இருக்கு அண்ணி. வீம்புக்கு எங்க கடைல மருந்து இல்ல."

கால் தேறுவதற்குள் மறுபடி சளி பிடித்தது. தம்பி மனைவி பதறிப்போய் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சில் ஒன்றுமில்லை, சாதாரணச் சளி என்றார்கள். அதற்கும் படுக்கை. ஓட்டப் பாதையில் வரும் பாலத்தைத் தாண்டி ஒரு முறையாவது ஓடிப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்த நாள்கள் எல்லாம் கையை விட்டுப் போயின. தையல்காரர் கணுக்காலை அளவெடுத்து, பை தைக்கிற முரட்டுத் துணியில் எலாஸ்டிக்கும் கொக்கியும் வைத்து ஒரு கட்டு தைத்துக் கொடுத்தார். அளந்தபோது அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. பயந்தால் அவருக்கு அப்படித்தான் ஆகும். அவள் கவனித்தாள், கேட்கவில்லை.

ஓட்டத்தன்று காலையில் கணுக்காலில் அந்தக் கட்டை மாட்டிக்கொண்டாள். ஒரு வாழைப்பழம் பாதிக்கு மேல் இறங்கவில்லை. கூட்டத்தின் வாலில் போய் நின்றாள். பின்னால் எஞ்சின் சத்தம். திரும்பாமலே தெரிந்தது. பணிமனையில் அத்தனை வண்டி இருக்க, இந்த வருடம் துடைப்பத்துக்கு அனுப்பியிருந்தது அவளுடைய வண்டியை. ஓட்டுநர் இருக்கையில் சின்னவன்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "அக்கா, உன்ன ஏத்துற மாதிரி ஆயிடக் கூடாதுன்னு வேண்டிட்டு வந்திருக்கேன்."

"கிளட்ச்ச மெதுவா விடு. அது கொஞ்சம் இழுக்கும். அத வேண்டிக்கோ."

அப்பா புறப்படும் இடத்துக்கு வரவில்லை. முடியும் இடத்தில் நிற்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் பாதியில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டம் முன்னால் போய்விட்டது. பிறகு முன்னால் தெரிந்த முதுகுகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. சில பேர் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். பின்னால் பேருந்து நிற்கிற சத்தம், கதவு உஸ்ஸென்று திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். ஒவ்வொரு முறை அந்த உஸ் கேட்டபோதும் அவள் முதுகுத் தோல் சுருங்கியது. கடைசியில் அவளுக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் யாருமே இல்லை. முதல் கியரில் அது உறுமுகிற உறுமல் அவளுக்கு அத்துப்படி. எத்தனையோ வருடம் அவள் காலடியில் கிடந்த சத்தம் இப்போது அவளைத் துரத்திக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கழுத்து வலித்தது.

பாலம் வந்தது. அந்தப் பாலத்தின் மேல் எத்தனை ஆயிரம் முறை போயிருப்பாள் என்று கணக்கில்லை. அத்தனை முறையும் வலது பாதத்தைக் கொஞ்சம் அழுத்தியதோடு சரி, ஏறியது எஞ்சின். பாலத்துக்கு ஏற்றம் உண்டு என்பது அவள் தொடைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏறினாள், ஏறினாள், பாலம் முடியவில்லை. நெஞ்சுக்குள் சீழ்க்கை அடித்தது. கட்டு வியர்வையில் ஊறி நழுவி, குதிகாலுக்கு அடியில் உருண்டு மாட்டிக்கொண்டது. கால் மறுபடி மடங்கப் பார்த்தது. நின்றுவிட்டாள்.

பேருந்து அவள் பக்கத்தில் வந்து நின்றது. உஸ்.

"அக்கா, போதும். ஏறு."

குனிந்தால் விழுந்துவிடுவோமோ என்றிருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, அடிபட்ட காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். உள்ளே முன் இருக்கையில் இருந்த ஒரு பெண் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். "வாங்கம்மா. இங்க காத்து நல்லா வருது." அந்த இடம் எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று பெரியவளுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் அவளை அதைப் போல் பயமுறுத்தியது வேறெதுவும் இல்லை.

துடைப்ப வண்டி ஓட்டுகிறவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அவளே எத்தனையோ பேரிடம் கேட்டவை. சின்னவன் கேட்டான். "கண்ணு இருட்டுதா? நெஞ்சு வலிக்குதா?"

இத்தனை மாதத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை. பொய் சொல்ல நாக்கு புரளவில்லை. அவள் திரைக்காகக் காத்திருந்தாள். கம்பியைப் பிடித்தபடி, வந்தால் வரட்டும் என்று நிமிர்ந்து பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் அவள் முகம் வெளிறித் தெரிந்தது. அதற்குப் பின்னால் பாலத்தின் இடது கைப்பிடிச் சுவர். வலது ஓரத்தில் விளக்குக் கம்பங்கள், ஒன்று, இரண்டு, தூரத்தில் இருப்பதுகூட. கடைசிக் கம்பத்தின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து சிறகைக் கொத்திக்கொண்டிருந்தது. ஓரம் வரைக்கும் வெளிச்சமாக இருந்தது.

"நெஞ்சு வலிக்கல. மூச்சுதான் வாங்குது. கண்ணு இப்ப இருட்டல. ஒரு தடவ இருட்டிச்சு. கிடங்குத் தெருவுல."

"எப்ப? ஏன் சொல்லல?" சின்னவன் எழுந்தே விட்டான்.

"அப்புறம் சொல்றேன். பிரேக்ல கால் வை முதல்ல."

கட்டை மேலே இழுத்து, கொக்கியைக் கடைசி வளையத்தில் மாட்டினாள். காலைப் படியிலிருந்து எடுத்தாள்.

"அக்கா, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்பாகிட்ட நான் என்னன்னு போய் நிக்கறது?"

"வண்டிய ஒழுங்கா ஓட்டிட்டு வந்து நில்லு."

பாலத்தின் மறுபக்கம் இறக்கம். அதுவும் லேசாக இல்லை, கணுக்கால் ஒவ்வொரு அடியிலும் ஊசி குத்தியது. ஓட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தால் ஓட்டம் கோபித்துக்கொள்ளும். பாதி நடை, பாதி நொண்டல். ஒவ்வொரு நிறுத்தக் கம்பத்தையும் பார்த்து வைத்துக்கொண்டே போனாள், வந்தால் பிடிக்க. திரை வரவில்லை. வராது என்று கடைசி வரை அவள் நம்பவுமில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது முடியும் இடத்தில் அலங்கார வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். காலிக் கோப்பைகளைப் பெருக்கிக் குவித்திருந்தார்கள். அப்பா நின்றுகொண்டிருந்தார். யாரோ போட்ட நாற்காலி அவர் பக்கத்தில் காலியாக இருந்தது, காலையிலிருந்தே அப்படித்தானாம். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தையல்காரரின் பார்வை பெரியவளின் காலிலேயே இருந்தது.

மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடிஞ்சு போச்சே அக்கா."

"நேரமா?" என்றார் அப்பா. "அன்னிக்கு மேசைல ஆறு பேர் இருந்தோம். நேரம்னு ஒரு வார்த்தை யாரு சொன்னா?"

"சொந்தக் கால்னுதான் சொன்னீங்க" என்றார் தையல்காரர். அன்றைக்கு அவருடைய வாக்கியம் அது.

மேற்பார்வையாளர் நியாயம் தெரிந்தவர்தான். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். கொண்டு வந்தே இருந்திருக்கிறார்.

பெரியவள் கை நீட்டவில்லை. "முதல்ல டாக்டரப் பாக்கணும். எனக்கு ஒரு தடவ கண்ணு இருட்டிச்சு. அவர் சரின்னு சொன்னப்புறம் வாங்கிக்கறேன்."

அப்பா அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டர் மூன்று முறை வரவழைத்து, எல்லா இயந்திரத்திலும் அவளை ஏற்றி இறக்கினார். நோய் முழுக்கத் தேறாத உடம்போடு, வெறும் வயிற்றில், மாத்திரையும் போட்டுக்கொண்டு ஓடியதால் வந்த மயக்கம் என்றார். இதயத்தில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார், சொல்லாமல் மறைத்ததற்குத் திட்டியும் அனுப்பினார். அதன் பிறகுதான் சாவி அவள் கைக்கு வந்தது. இன்றைக்கும் பாலத்து இறக்கத்தில் அவள் கண் ஒரு முறை இரண்டு ஓரத்துக்கும் போய்விட்டுத்தான் திரும்புகிறது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பாலத்திலிருந்து அவள் பேருந்தில் வந்தாள், கடைசித் திருப்பத்தில் இறங்கிக்கொண்டாள், தம்பி ஓட்டியதால் அது வெளியே வரவில்லை என்று பணிமனையில் ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையில்லை. பெரியவளின் ஒரு கால் படியில் இருந்தது. மற்றது சாலையில் இருந்தது. அவ்வளவு நேரமும் பேருந்து நின்றுகொண்டிருந்தது.