ஊத்துப்பாறையில் வந்த இருமல்

கண் ஆபரேஷன் முடிந்து புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதவனைப் பார்க்க அம்மாசி பஸ் ஏறியது பாசத்தினால் அல்ல. மருமகன் அன்புச்செல்வன் தனக்கு முன்னால் அங்கே போய்விடக் கூடாது என்ற பதைப்பில்தான். மாதவன் அவருடைய மனைவி பாப்பாயிக்கு உடன்பிறந்த அண்ணன். அம்மாசியும் மாதவனும் பேசிக்கொண்டு பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

அன்புச்செல்வன் காலையிலேயே ஸ்ரீரங்கத்துக்கு வந்து, அம்மாசி வாட்ச்மேனாக இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டில் பைக்கை நிறுத்தியிருந்தான். கைலாசபுரத்தில் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. இரண்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போகும் அவசரம் முகத்தில் தெரிந்தது.

"ஊத்துப்பாறை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க மாமா. நீங்க வர வேணாம். ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேரு போயிட்டு வந்துடுறோம்."

"எதுக்கு?"

"கொம்பு வச்ச கிடா மான் ஒண்ணு. கொம்பு மட்டும் கெடைச்சாப் போதும்."

"கொம்ப வச்சு என்ன பண்ணுவ? சட்டை மாட்டப் போறியா?"

"கிண்டல் பண்ணாதீங்க மாமா. நீங்க சுடாததா?"

"ஃபாரஸ்ட்காரன் புடிச்சா ஜெயிலுடா. என் பொண்ணு மலர்க்கொடிக்கு ஏழாம் மாசம். உன்னை எந்த ஜெயில்ல வந்து அவ பாப்பா?"

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. மற்றதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்புச்செல்வன் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

"நீங்க சொல்லலைன்னா போங்க. பெரிய மாமா சொல்லுவாரு."

சித்திரை மாதம் பச்சைமலை அடிவாரத்தில் எல்லாக் குட்டையும் வற்றிப்போகும். ஊத்துப்பாறையின் இடுக்கில் மட்டும் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். சுற்றியிருக்கும் புள்ளிமான்கள் அத்தனையும் அங்கே வந்துதான் ஆகவேண்டும். அந்த வழி தெரிந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது இரண்டே பேர்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. கீழே வெறும் மணல். அம்மாசி கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அறுபத்தொரு வயதுக்கு இந்த வெயில் அதிகம்.

முதல் மானைச் சுட்டபோது அவருக்கு இருபது. அந்த வயதில் அசைந்ததெல்லாம் மான். ஒருமுறை வெள்ளாட்டைச் சுட்டுவிட்டு, ஆட்டுக்காரியிடம் ஊரே கேட்கும்படி வசை வாங்கினார். முப்பதில் எத்தனை என்பதே பேச்சு. நாற்பதில் கொம்பு. சின்னக் கொம்பாக இருந்தால் விட்டுவிடுவார். பார்த்தவர்கள் இரக்கம் என்றார்கள். அதுவும் ஆசைதான் என்று அவருக்குத் தெரியும்.

ஐம்பதாவது வயதில்தான் அது நடந்தது. ஊத்துப்பாறைக்கு எதிரே புதர் மறைவில் ஐந்து பேர். அவ்வளவு பெரிய கொம்பை அவர் அதுவரை பார்த்ததில்லை. கிடா தண்ணீரில் வாய் வைத்தது. அன்றைக்குச் சுடும் முறை அம்மாசியுடையது. விசையில் விரல் பதிந்த நேரம் பின்னாலிருந்து மாதவன் இருமினார். கிடா ஒரே தாவலில் போய்விட்டது.

மறைவில் சத்தம் போட்டவனுக்கு மூன்று வேட்டைக்குக் கறியில் பங்கு கிடையாது. எல்லோருடைய மூட்டையையும் அவன்தான் சுமந்து இறங்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவன் சுடும் முறைக்காரன். அம்மாசி மச்சான் என்றுகூடப் பார்க்கவில்லை. "இருமுறதுக்கு உனக்கு வீடு இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்டனையைச் சொன்னார். மாதவன் ஐந்து மூட்டைகளையும் சுமந்து வந்து பாப்பாயி வீட்டு வாசலில் இறக்கினார். அதன் பிறகு வேட்டைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அம்மாசி தனியாக அதே மறைவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெட்டை மான் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கியது. வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அது போகும்வரை விரல் விசையிலேயே கிடந்தது. வீட்டில் வந்து, துப்பாக்கி மருந்து நமுத்துவிட்டது என்று பொய் சொன்னார். அடுத்த சித்திரைக்குள் துப்பாக்கி பாழுங்கிணற்றுக்குள் போயிருந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, புத்தூர் நால்ரோட்டில் இறங்கி, ஆஸ்பத்திரி மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினார்.

மாதவன் ஒரு கண்ணில் பிளாஸ்திரியோடு சுவரில் சாய்ந்திருந்தார்.

"யாரு?"

"நான்தான் மச்சான். அம்மாசி."

மாதவன் காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டார்.

"உக்காரு மாப்ள. உன் மருமவன் இப்பதான் போன் பண்ணினான்."

போன் என்று ஒன்று இருப்பது அம்மாசியின் நினைவிலேயே இல்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். கருப்பங்கரட்டுக்கு வடக்கால போ, அங்கதான் ஊத்துப்பாறைன்னு."

"அங்க பொட்டுத் தண்ணி கெடையாதே. காஞ்சு இருபது வருஷம் ஆச்சே."

"ஆமா. உனக்குத் தெரியுது. அவனுக்குத் தெரியாதுல்ல."

அம்மாசி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பதினோரு வருஷமாகத் தோன்றாத ஒரு கேள்வி இப்போது தோன்றியது.

"மச்சான், அன்னைக்கு உனக்கு இருமல் வந்துச்சா?"

மாதவன் மற்றக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

"வரல."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"அடிச்சிருப்பேன்."

"அதான்."

"மூணு வேட்டைப் பங்கைப் புடுங்கினேனே, மச்சான்."

"எனக்கு அதுக்கு முன்னாடியே கறி உள்ள எறங்கல மாப்ள. மூட்டை தூக்குனதுதான் வலிச்சுது. அதுலயும் உன் மூட்டைதான் கனம்."

அம்மாசி பாழுங்கிணற்றைப் பற்றிச் சொன்னார். நமுத்த மருந்தைப் பற்றியும் சொன்னார். மாதவன் ஆச்சரியப்படவில்லை. "பாப்பாயி சொன்னா" என்று மட்டும் சொன்னார்.

"காஞ்ச பாறையப் பாத்துட்டு மறுபடி வந்து கேப்பான் மச்சான்."

"கேட்டா, கெழவனுக்குக் கண்ணும் போச்சு, ஞாபகமும் போச்சுன்னு சொல்லு."

"எத்தனை வருஷத்துக்குச் சொல்றது?"

"இந்த ஆசை விட நமக்கு முப்பது வருஷம் ஆச்சு. அவனுக்கும் ஆகும்."

"அதுவரைக்கும் நாம இருக்கணுமே."

நர்ஸ் வந்து பிளாஸ்திரியைப் பிரித்தாள். சொட்டு மருந்தை அம்மாசியின் கையில் கொடுத்து, ஒரு சொட்டு விடச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அம்மாசி குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பாட்டிலைச் சாய்த்தார். சொட்டு கன்னத்தில் விழுந்து காதுப்பக்கம் வழிந்தது.

"குறி தப்பிடுச்சு மாப்ள."

"அது தப்பி ரொம்ப நாளாச்சு மச்சான். ஆடாம இரு."