கோடு தாண்டாமல் திரும்பிப் பார்த்தல்

தையற்காரிக்குச் சைக்கிள் ஓட்ட வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்கத்தான் வரவில்லை. தலை திரும்பினால் கையும் கூடவே திரும்பும். வண்டி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் பள்ளிச் சுவரை நலம் விசாரிக்கப் போய்விடும்.

அவள் வேலை பார்க்கும் தையற்கூடம் அடுத்த மாதம் நெடுஞ்சாலைக்கு அப்பால் குடிபெயர்கிறது. அங்கே பேருந்து போகாது. பள்ளித் திடலில் நகராட்சி நடத்தும் இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தேறினால், அவர்களே தரும் சைக்கிளில் போகலாம். தேறாவிட்டால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

பயிற்சி தரும் இளம்பெண் பின்னால் நின்று சில விரல்களைக் காட்டுவாள். இரு கோடுகளுக்கு நடுவே ஓட்டியபடியே திரும்பிப் பார்த்து, எத்தனை என்று சொல்ல வேண்டும். இருமுறை தவறியாயிற்று. இன்னும் ஒரே வாய்ப்பு.

சென்ற வாரமே தேறிவிட்ட நாத்தனார், துணைக்கு வந்து பயிற்சிப் பெண்ணின் அருகே நின்றிருந்தாள்.

"துணியில கோடு போட்ட மாதிரி தைக்கிறீங்க. தரையில மட்டும் ஏன் அண்ணி கோணுது?"

"நீ கொஞ்சம் சும்மா இரு."

தையற்காரி புறப்பட்டாள். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. பின்னாலிருந்து மறுபடியும் அதே குரல்.

"எனக்குத் தைச்ச சட்டையில ஒரு கை குட்டையா இருக்கே, எப்பச் சரி பண்ணப் போறீங்க?"

அவள் வெடுக்கெனத் திரும்பினாள். "சட்டை சரியாத்தான் இருக்கு. உன் தோள்தான் ஒரு பக்கம் தூக்கல்."

வண்டி இம்மியும் பிசகவில்லை.

"எத்தனை விரல்?" என்றாள் பயிற்சிப் பெண்.

"மூணு. சிரிச்சுக்கிட்டே காட்டுனீங்க."

"பாஸாயிட்டீங்கக்கா."

தையற்காரி இறங்கினாள், ஆயினும் முகம் மலரவில்லை. "இல்லைம்மா. நான் இவளுக்குப் பதில் சொல்லத்தான் திரும்பினேன். ரோட்டுல பின்னாடி வர்ற லாரி என்னை வம்புக்கு இழுக்காது. இன்னொரு தடவை ஓட்டறேன். தவறினா பாஸ் இல்லைன்னே எழுதிக்குங்க."

நாத்தனார் குறுக்கே வந்தாள். "அண்ணி, வேலை முக்கியமா, ரோஷம் முக்கியமா?"

"வேலைக்குப் போனா வீடு திரும்பணும்ல. நீ வாயைத் திறக்காதே."

மீண்டும் ஏறினாள். சண்டைக்குத் திரும்பியபோது தோள் தளர்ந்திருந்த விதம் உடம்புக்கு நினைவிருந்தது. பிடியைச் சற்றே இளக்கி, முகவாயைத் தோள்பக்கம் கொண்டுபோனாள்.

"ரெண்டு."

சக்கரம் கோடுகளுக்கு நடுவே அமைதியாகச் சென்றது.

இரு கைகளாலும் வாயைப் பொத்தி நின்ற நாத்தனார் அப்போதுதான் மூச்சு விட்டாள். "இவ்வளவு நேரம் நான் பேசாம இருந்திருக்கேன்," என்றாள் பயிற்சிப் பெண்ணிடம். "அதுக்கும் ஒரு சர்டிபிகேட் குடுங்க."