மெஹபூப் பாஷா நலமாக இருக்கிறார்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் கண்டக்டர் காதர். தியாகராய நகர் போகும் பஸ் லஸ் திருப்பத்தில் மூச்சடைத்து நின்றபோது, "வழக்கமான டிரைவர் எங்கே?" என்று நான் கேட்டுத் தொலைத்தேன்.

யுத்தத்தில் பெட்ரோல் போனதிலிருந்து பஸ்களின் பின்னால் கரியடுப்பைக் கட்டி ஓட்டுகிறார்கள். கிளம்புமுன் டிரைவர் அதை மூட்டி, விசிறியைச் சுற்றி, புகையைத் தின்ன வேண்டும். வழக்கமான டிரைவர் மெஹபூப் பாஷா இரண்டு வருஷம் தின்றார். இப்போது படியேறினால் அவருக்கும் அந்த பஸ்ஸின் கதிதான்.

(கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன். நாளைக்கும் நான் அதே பஸ்ஸில் போகவேண்டும்.)

காதலும் கல்யாணமும் எழுதுகிறவள் நான். ஆகவே இப்படித்தான் தொடங்கினேன்: "ராயப்பேட்டையில் நிலா எழுந்தபோது, பாஷாவின் மனைவி அஸ்மத்துன்னிசாவின் கண்களில்..."

வரியை அடித்துவிட்டேன். அந்தக் கண்களில் அப்போது இருந்தது கோபம்.

2

கம்பெனியில் சுகவீன நிதி என்று ஒன்று உண்டு. நோயில் விழுந்தால் பாதிச் சம்பளம் தருவார்கள். அதற்காக மாதாமாதம் தொழிலாளிகளிடம் பிடித்தம் செய்வதில் கம்பெனி ஒரு தடவைகூடச் சுகவீனப்பட்டதில்லை.

நிதி கேட்டவரைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறோமே என்று பாஷா தாடியைச் சீவி, கல்யாண ஷெர்வானியை மாட்டி, அத்தர் தடவிக்கொண்டு போனார். டாக்டர் நிமிராமலே கேட்டார்: "எப்படி இருக்கே?"

"அல்ஹம்து லில்லாஹ். நல்லா கீறேங்க ஐயா."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பரிசோதனை முடிந்தது. நிதி இல்லை.

யார் நலம் விசாரித்தாலும் ஆண்டவனுக்கு நன்றி சொல்லி, நன்றாக இருக்கிறேன் என்பதுதான் பாஷா பிறந்த வீட்டு மரியாதை. கேட்டவரிடம் முனகினால் கொடுத்தவனைக் குறை சொன்னதாகிவிடும்.

(வாசகர்கள் சிரிக்கவேண்டாம். காய்ச்சலில் கிடந்தபடி "இங்கு யாவரும் நலம்" என்று கார்டு எழுதுகிறவர்கள்தானே நீங்கள்?)

காதர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா பாய், மூச்சு வாங்கிக்கினு போய் நல்லா கீறேன்னியா? ஷெர்வானி வேற! அடுத்த வாட்டி பேண்டு செட்டும் வெச்சுக்கினு போ!"

3

லேசான வேலையாவது கிடைக்குமா என்று பாஷா கேட்டார். கம்பெனியில் லேசான வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை மானேஜர் சந்திரமௌலி பார்த்துவந்தார்.

புகைப் பக்கமே போகக்கூடாது என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிய சீட்டையும் பாஷா நீட்டினார்.

"நோயாளியே நன்னா இருக்கேங்கறான், நடுவிலே இவர் யார்?" என்றார் சந்திரமௌலி. "ஒரு தரம் அப்பீல் உண்டு. நாளன்னிக்கு வா, நானே கேக்கறேன். உன் வாயாலே சொல்லணும். இல்லேன்னா திங்கக்கிழமை வண்டியை எடு, இல்லே வேலையை விடு."

என் வழக்கமான கதைகளில் இந்த இடத்தில் பினாங்கிலிருந்து பணக்கார மாமா ஒருவர் வந்து இறங்குவார். யுத்தம் முடியும்வரை கப்பல் இல்லையாம்.

4

அன்று வீட்டில் ஒத்திகை. அஸ்மத்துன்னிசா டிரங்குப் பெட்டிமேல் கால்மேல் கால் போட்டுச் சந்திரமௌலியானாள்.

"இன்னா பாஷா, எப்படி கீறே?"

"அல்ஹம்து லில்லாஹ், நல்லா..."

"நல்லாவா? போயி கரி அள்ளு! மறுபடி சொல்லு, எப்படி கீறே?"

"கொஞ்சம்..." பாஷா விழுங்கினார். "நல்லாதான் கீறேன்."

மானேஜர் மறைந்து மனைவி வந்தாள். "ஏன்ஜி, பொய்யா சொல்லச் சொல்றேன்? படுக்க முடியாம செவுத்துல சாஞ்சிக்கினே தூங்குறது யாரு?"

"உனக்குத் தெரியுமா?"

"நான் கேட்டாலும் நல்லா கீறேன்தான். ஒரு வாட்டியாச்சும் எங்கிட்ட சொன்னீங்களா?"

பாஷா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "முடியல, அஸ்மத்."

என் நாயகர்கள் நாயகிகளிடம் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறார்கள். இவ்வளவு அந்தரங்கமாக ஒருத்தனும் பேசியதில்லை.

5

முடிவு ஒன்று: சந்திரமௌலியின் மனம் இளகுகிறது. (அடித்தாயிற்று. நான் புராணம் எழுதவில்லை.)

முடிவு இரண்டு: கதவருகே நின்று அஸ்மத்துன்னிசா பதில் சொல்கிறாள். "உன்னைக் கேக்கலைம்மா" என்கிறார் சந்திரமௌலி.

முடிவு மூன்று: மனைவியிடம் சொன்னதைப் பாஷா மானேஜரிடமும்...

தெரியவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்த மானேஜர் வேறு, நாற்காலியில் உட்கார்ந்த மானேஜர் வேறு.

நடந்தவரை சொல்கிறேன். ஆபீஸ் மாடியில் இருக்கிறது. பாஷா பழைய சட்டையில் வந்திருக்கிறார். அத்தர் சீசாவை அஸ்மத்துன்னிசா ஒளித்துவிட்டாள். படியேறிய மூச்சு அறை முழுக்கக் கேட்கிறது. சந்திரமௌலிக்கும் கேட்கிறது. அவர் காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "என்னப்பா பாஷா, எப்படி இருக்கே?" என்கிறார்.

வெளியே பர்தாவுக்குள் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாஷா வாயைத் திறக்கிறார்.

இனி உங்கள் பாடு. பாஷாவின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளலாம். அதற்குமுன் ஒரே ஒரு காரியம்: அடுத்த தடவை யாராவது உங்களை "சௌக்கியமா?" என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை. சந்திரமௌலி காத்திருப்பார். அவருடைய வேலை லேசானது.