இன்ஸ்பெக்டர் ஒத்திகை

முத்துலட்சுமி சோற்றை வடித்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தபோது கடை ஆட்கள் பன்னிரண்டு பேரும் தட்டுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் யாரும் சோறு கேட்கவில்லை. பாண்டிபஜார் பாத்திரக் கடையின் பின்கட்டில் இப்படி ஒரு மத்தியானத்தை அவள் பார்த்ததில்லை.

தை பிறந்தால் கடைகளுக்குப் புதுச் சட்டம் வருகிறதாம். தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வந்து ஆட்களையே நேரில் விசாரிப்பாராம். அதனால் அவள் கொழுந்தன் வெள்ளைத்துரை, கடை முதலாளி, மயிலாப்பூரிலிருந்து வக்கீல் குமாஸ்தா சுப்பராமனை வரவழைத்து ஒத்திகை வைத்திருந்தான். மூட்டை கட்டும் ஏழுமலைதான் இன்ஸ்பெக்டர். வடபழனிக்காரன், நடிக்கச் சொன்னால் விடுவானா?

"இன்னாய்யா, மொதலாளி உனக்கு யாரு?"

"சித்தப்பா" என்றான் ஊர்ப் பையன் அய்யாதுரை.

"எலேய், இன்ஸ்பெக்டர் ஒறவுமொறையா கேக்காரு? முதலாளின்னு சொல்லுல" என்று அதட்டினான் வெள்ளைத்துரை.

"முதலாளி சித்தப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. "வாரத்துல என்னிக்கு லீவு?"

"லீவு விட்டா எங்க போவ? உஸ்மான் ரோட்டுல நின்னு பஸ்ஸ எண்ணவா?" என்றான் அய்யாதுரை.

சுப்பராமன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு திரும்பி முத்துலட்சுமியைப் பார்த்தார். "இத்தனை பேருக்கும் சமைக்கிறது யாருன்னு கேட்டா? அம்மா, நீங்களும் இப்படி வந்து உக்காருங்கோ."

அவள் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தாள். ரிஜிஸ்தரைத் தூக்கிக் காட்டி அவர் விளக்கினார். ஊழியர் என்றால் இந்தப் பக்கம். வாரம் ஒரு நாள் லீவு. நினைத்தபடி போகச் சொல்லிவிட முடியாது. முதலாளி குடும்பம் என்றால் அந்தப் பக்கம். கடையில் என்ன பாத்தியதை என்றும் எழுத வேண்டும். ரெண்டில் ஒன்று எழுதியே ஆக வேண்டும்.

"மதினி எனக்கு அம்மா மாதிரி" என்றான் வெள்ளைத்துரை.

"மாதிரின்னு எழுத இதுல இடமில்லையே."

இந்தக் கடையை அண்ணனும் தம்பியுமாகத்தான் திறந்தார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது. அண்ணன், அவள் புருஷன் கணேசமூர்த்தி, கண்ணை மூடிய பிறகு, சமையலுக்கு ஆள் கிடைக்கிற வரைக்கும் என்றுதான் அவள் அடுப்படிக்கு வந்தாள். ஒன்பது வருஷமாக ஆள் கிடைக்கவில்லை. யாரும் தேடியதாகவும் தெரியவில்லை. போன மாதம் ஓரகத்தி பங்கஜம், ஊர்வீடு பூட்டியே கிடக்கிறது, திறந்து கூட்ட ஒருத்தர் இருந்தால் தேவலை என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். ஊழியர் என்று எழுதிவிட்டால், ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இல்லை. ஆனால் அப்படி எழுதினால் கணேசமூர்த்தி இந்தக் கடைக்கு யார்? சமையல்காரியின் புருஷனா? அந்தப் பக்கம் எழுதுங்கள் என்று வாய் திறந்து கேட்டால், ஒன்பது வருஷம் இதற்காகத்தான் சமைத்தாளா என்று ஆகிவிடாதா? யோசிக்க யோசிக்க, முதலில் யோசித்தது எது என்பதே மறந்துபோனது.

ஏழுமலை குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "யம்மா, நீங்க யாருன்னு எழுதிக்கறது?"

அவள் வெள்ளைத்துரையைப் பார்த்தாள். அவன் சுப்பராமனைப் பார்த்தான்.

"தெரியலையே" என்றாள்.

"சரி சரி, மொதல்ல சாப்பிடுவோம். நேரமாச்சு" என்றான் வெள்ளைத்துரை.

தட்டுகள் முன்னுக்கு நகர்ந்தன. முத்துலட்சுமி எழுந்திருக்கவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை, கால் வரவில்லை. பக்கத்தில் அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு தட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, தனக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். பதிமூன்றாவது தட்டு.

சோற்றுப் பானை அடுப்புப் பக்கத்தில் மூடி திறந்தபடி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அய்யாதுரை பாதி எழுந்து, முதலாளி முகத்தைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தான். வெள்ளைத்துரை வேட்டியை மடித்துக் கட்டினான். பானைவரை போனான். கரண்டி எங்கே இருக்கும் என்று தெரியாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.