பொறுக்கி எடுத்த அரிசி

கர்ப்பப்பைக் கட்டியை எடுக்க வேண்டுமானால் ரத்தம் பத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். என் ரத்தமோ எட்டிலேயே உட்கார்ந்துகொண்டு அசைவேனா என்றது. மாதா மாதம் அந்தக் கட்டி என் ரத்தத்தைப் போக்கடித்து என்னைப் படுக்கையில் தள்ளியது. சத்து மாத்திரை போட்டால் வயிறு புரட்டியது. அதனால் மாத்திரையைப் பாதியாக்கி, இரும்புச் சத்து சேர்த்த அரிசியைச் சாப்பிடச் சொன்னார்கள். வாங்கி வந்து, பையைக் கிழித்து டப்பாவில் கொட்டினேன். என் கணவரிடம் விளக்கமெல்லாம் சொல்லவில்லை. சோற்றுக்கு என்ன விளக்கம்?

அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். நான் அடுப்படியில் மயங்கி விழுந்ததிலிருந்து சமையல் அவர் கைக்குப் போயிருந்தது. உப்பு மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒருநாள் கடல், ஒருநாள் பச்சைத் தண்ணீர். வாயை மூடிக்கொண்டு தின்றேன். எனக்கு அதுவே பெரிய தவம்.

அடுத்த பரிசோதனையிலும் அதே எட்டு. ஆபரேஷனை மறுபடி தள்ளி வைத்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் நர்ஸிடம் பாய்ந்தேன்.

"உங்க அரிசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"கோவிச்சுக்காதீங்கக்கா. வீட்ல அதை எப்படிச் சமைக்கிறாங்கன்னு பாத்தீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் காலை மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போனேன். மனிதர் ஜன்னலோரம் தட்டில் அரிசியைப் பரப்பி, கடையில் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கியதெல்லாம் ஒரு பாட்டிலில் கிடந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"உன்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். கடைக்காரன் பிளாஸ்டிக்கைக் கலந்திருக்கான். பாரு, நிறம் மங்கிப்போய், ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. உனக்கு இருக்கிற நோவுக்கு இதையும் திங்கணுமா?"

"அதுதாங்க இரும்பு. சத்தை அரிசி மாதிரியே அச்சுல வார்த்துக் கலந்திருக்காங்க."

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். முகம் சுண்டிவிட்டது.

"அப்போ ஆபரேஷன் தள்ளிப்போனது என்னாலதானா?"

"வேற யாரால?"

வசவு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கண்ணாடி அழுத்தி அவர் கண்ணைச் சுற்றிச் சிவந்திருந்ததைப் பார்த்தேன். தினமும் கடை திறக்கும் முன்னால் எனக்காக ஒவ்வொரு அரிசியாகப் பார்த்திருக்கிறார். என்னைக் கெடுப்பதற்குக்கூட இவ்வளவு பாடுபட யார் வருவார்கள்? சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

அதன் பிறகு அரிசியைப் பொறுக்காமல் பொங்கினார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற வேறு மாத்திரையை நர்ஸ் வாங்கிக் கொடுத்தாள். அரிசி பாதி, மாத்திரை பாதி கைகொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் பத்தைத் தாண்டியது. டாக்டர் அன்றே தேதி குறித்தார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அன்று சொன்னேன்.

"ரொம்ப நன்றிங்க."

"எதுக்கு? ரத்தத்தை ஏத்தினதுக்கா, ஏற விடாம பண்ணினதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."