சொல்லாமல் கிளம்பிய தலையாரி

1

அம்மை கண்ட வீட்டிலிருந்து கிளம்புகிறவர் “போய் வருகிறேன்” என்று சொல்லக் கூடாது. எங்கே என்று வீட்டிலிருப்பவர்களும் கேட்கக் கூடாது. இந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டபோது, ஊடல் கொண்ட கணவன் மனைவிக்கு எத்தனை வசதி என்றுதான் எனக்குத் தோன்றியது. காதல் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

“சொக்கம்மாளின் கண்களில் வேதகிரி தன்னையே...”

(அடித்துவிட்டேன். அந்த வீட்டில் அன்று யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை.)

2

1963. வேதகிரி மானாம்பதியின் தலையாரி. திங்கட்கிழமை தெருத்தெருவாகத் தண்டோரா போட்டவன் அவன்தான்: “அம்மை கண்ட வூட்டுக்காரங்க மறைக்காம சர்க்காருக்குச் சொல்லணும்! மத்தவங்களுக்கு அம்மை குத்த ஆளு வருவாங்கோ!”

வியாழக்கிழமை அவன் மகள் செங்கேணியின் முகத்தில் முத்துகள். மனைவி சொக்கம்மாள் வாசலில் வேப்பிலை செருகினாள். தொட்டிலில் எட்டு மாதப் பையன், இன்னும் அம்மை குத்தாதவன்.

“தண்டோரா போட்டவனே மறைக்கலாமாடி? கொயந்தைக்காவது குத்திடலாம்.”

“ஆத்தா வூட்ல குந்திக்கினு கீறா. அவ எதிர்லயே ஊசிய எடுப்பியா? ஆடில தீ மிதிக்கப் போறவன் பேசற பேச்சா இது?”

“மிதிக்கத்தான் போறேன். ஆனா சம்பளத்த சர்க்காருதானே குடுக்குது?”

“புள்ளைய ஆத்தா குடுத்தா.”

(இந்த இடத்தில் வேதகிரியைக் கடவுள் நம்பிக்கை இல்லாதவனாக மாற்றிப் பார்த்தேன். கதை சுலபமாயிற்று, ஆள் காணாமல் போனான். ஒன்பது வருடமாகத் தீ மிதிப்பவன் அவன். ஆத்தாளையும் நம்பினான், ஊசியையும் நம்பினான்.)

3

வெள்ளிக்கிழமை விடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உத்திரமேரூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு நடந்தான். சொக்கம்மாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பான்.

(கேட்காமலிருக்க அவளுக்கும் அந்த வழக்கம் தேவைப்பட்டதோ? எனக்குத் தெரியவில்லை.)

4

முதல் முடிவில் அவள் கதவைச் சாத்தினாள். இரண்டாவதில் அழுதபடி குழந்தையை நீட்டினாள். என் வாசகர்களுக்குப் பிடித்திருக்கும். இரண்டையும் கிழித்துவிட்டேன். மிஞ்சியது இதுதான்:

மதியம். அம்மை குத்தும் ஐசக் தோல்பையோடு வாசலில் நிற்கிறார், பின்னால் வேதகிரி. சொக்கம்மாள் இருவரையும் பார்க்கிறாள். உள்ளே போய், ஆத்தாள் முன் வைத்திருந்த மஞ்சள் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து படியில் வைக்கிறாள்.

“செருப்பக் கயட்டிட்டு, இந்தத் தண்ணில காலக் கயுவிக்கினு வரச் சொல்லு,” என்கிறாள் கணவனிடம்.

ஐசக்கின் கழுத்தில் சிலுவை. வேறு சாமிக்குப் படைத்ததைத் தொடாத குடும்பம் அவருடையது. சொம்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நான் எழுதினால் குனிந்துவிடுவார். என் கதைகளில் எல்லாரும் குனிந்துவிடுகிறார்கள். அதனால் நீங்கள் எழுதுங்கள். பையன் விழித்துக்கொண்டான். ரொம்ப யோசிக்காதீர்கள்.