நிஷா தண்ணி குடிக்குது

புருஷோத்தமன் கைக்கு மைக் போன அன்றே ஏரிக்கரை அணிக்குச் சனி பிடித்துவிட்டது என்பது மேரியின் தீர்மானமான கருத்து. கருத்தை மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற ஆள் இல்லை அவள். நடவு வயலில் சொல்வாள், ரேஷன் கடை வரிசையில் சொல்வாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போதும் சொல்வாள்.

"ஆட்டம் இன்னா ஆச்சுன்னு சொல்லுவான்னு பாத்தா, மோர் ஊத்தினது ஏகாம்பரம் அரிசி மண்டின்னு சொல்லிக்கினு கீறான். மோரா கப்பு வாங்கப் போவுது?"

ஊரில் பாதிப் பேர் அவள் கட்சிதான். உத்திரமேரூர் பக்கத்துக் கபடி ரசிகர்கள் நடுவரைக்கூட மன்னிப்பார்கள், மைக் பிடித்தவனை மன்னிக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் புருஷோத்தமனைத் துவைத்துக் காயப்போடுவார்கள். ஒரகடத்துக் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கும் பையன்கள் குரல் பதிவாகவே பேசி அனுப்புவார்கள். "அண்ணன் ஸ்கோர் சொல்றதுக்குள்ள கப்பு துரு புடிச்சிரும்பா!" புருஷோத்தமனும் அதே குழுவில்தான் இருக்கிறான். எல்லாவற்றையும் கேட்பான், ஒரு கும்பிடு பொம்மையை அனுப்புவான், உத்திரமேரூர் பஜாரில் இருக்கிற தன் கடைக்கு மோட்டார் காயில் கட்டப் போய்விடுவான்.

கூரத்தில் மைக் பிடிக்கிற ஆல்பர்ட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மேரியின் முகமே மாறும். அவன் அல்லவா சொல்கிறவன்! கட்டைவிரல் கோட்டைத் தொட்டதா, தொடவில்லையா என்பதுகூட அவன் வாயால் கேட்டால் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும். யார் விழுந்தார்கள், எங்கே அடி, ரத்தம் வந்ததா என்பதெல்லாம் சுடச்சுட வந்து விழும். அந்த மாதிரி ஒருத்தன் நமக்கு வாய்க்கவில்லையே என்று மேரி வாய்விட்டே அங்கலாய்ப்பாள்.

அவளுக்கு மற்றவர்களைவிட இந்த அக்கறை அதிகம் இருக்கக் காரணம் உண்டு. அவள் மகள் நிஷா ஏரிக்கரை பெண்கள் அணியில் ரெய்டு போகிறவள். ஆனால் மகள் ஆடுவதை மேரி கண்ணால் பார்க்க முடியாது. மைதானத்துக்கு வரக்கூடாது என்று தடை. தடை போட்டது கமிட்டி இல்லை, நிஷாவேதான்.

ஒரு வருஷம் புள்ளலூர்ப் பெண்கள் ஐந்து பேர் நிஷாவை அமுக்கி மேலே விழுந்தார்கள். மேரி ஒரு கையில் செருப்போடு கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி, கையில் அகப்பட்ட ஜடையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நடுவர் விசில் ஊதி புள்ளலூருக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தார். அந்த ஒரு பாயிண்டில்தான் ஏரிக்கரை தோற்றது. வீட்டுக்கு வந்து நிஷா மூன்று வேளை சாப்பிடவில்லை. "இனிமே நீ கிரவுண்டு பக்கம் வந்தே, நான் ஆட்டத்தையே வுட்ருவேன்" என்று சொல்லிவிட்டாள். மேரி வாயை மூடிக்கொண்டது அவள் வாழ்க்கையிலேயே அப்போது ஒருமுறைதான்.

யூடியூபில் பார்க்கலாமே என்றால், இருக்கிற ஒரு நல்ல போனையும் அவள் புருஷன் பெஞ்சமின் மைதானத்துக்கு எடுத்துப் போய்விடுவான். கிடைத்தாலும் பிரயோஜனம் இல்லை, படம் எடுக்கிறவன் பாதி நேரம் மேகத்தைக் காட்டுவான். ஆகவே மேரிக்கு எல்லாமே ஏரிக்கரைப் பனைமரத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர்தான். கரைக்கு அந்தப் பக்கம் வறண்ட ஏரியில் ஆட்டம், இந்தப் பக்கம் இவள் வீடு. நடுவில் புருஷோத்தமனின் குரல் மட்டும் கரை தாண்டி வரும்.

போன சித்திரையில் நிஷாவின் இடது முட்டி பிசகியது. செங்கல்பட்டு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை திருகினால் ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொன்னார். நிஷா அழவில்லை. தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து கரைமேல் நடந்து, அப்புறம் ஓடி, ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். மேரிதான் அந்த முட்டியைத் தன் உடம்பில் சுமந்துகொண்டு திரிந்தாள். குழாயில் மகள் பெயர் வரும்போதெல்லாம் அவளுடைய இடது முட்டியில் சுரீர் என்னும்.

இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிறவளுக்கு, புருஷோத்தமன் சொல்வதில் எது பொறுக்காது தெரியுமா? தண்ணீர். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து, "அடடடடா... நம்ம ஸ்ரீலேகா தண்ணி குடிக்குது" என்பான். "நம்ம நிஷா தண்ணி குடிக்குது" என்பான். கூட்டம் ஹோ என்று கத்துகிறது, என்ன நடந்தது என்று தெரியவில்லை, இவன் தண்ணீர்க் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"பொண்ணு தண்ணி குடிச்சா ஊருக்கே தண்டோரா போடணுமா? அவன் வூட்டுக் கெணத்துத் தண்ணியா அது?" என்று மேரி பனைமரத்தைப் பார்த்துத் திட்டுவாள். மரம் என்ன செய்யும்.

இந்த வருஷச் சித்திரைப் போட்டியின் கடைசி நாள் அது. காலையில் அரையிறுதி, சாயங்காலம் இறுதி ஆட்டம். பெஞ்சமினின் தம்பி மகள் ஜெனிஃபர் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கல்யாணம் வரைக்கும் ஏரிக்கரை அணியில் பிடி போட்டவள். இப்போது வயிறு எட்டாம் மாசம். பூவரச மர நிழலில் பெரியம்மாவோடு உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள். மேரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். குழாயில் அரையிறுதி ஓடிக்கொண்டிருந்தது.

"அடடடடா... ரசிகப் பெருமக்களே... நம்ம ஸ்ரீலேகா தண்ணி குடிக்குது. மோர் வழங்குவது ஏகாம்பரம் அரிசி மண்டி..."

"பாத்தியா! ஆரம்பிச்சிட்டான் பாரு!" மேரி கீரைக் கொத்தைத் தூக்கி முறத்தில் அடித்தாள்.

ஜெனிஃபர் முறுக்கை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். "அய்யோ பாவம். எங்க அடியோ தெரிலயே."

"இன்னாது அடி?"

ஜெனிஃபர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல பெரிம்மா."

"தண்ணி குடிக்கிறதுல இன்னாடி அடி? சொல்லப் போறியா, இல்லியா?"

வயிற்றுப்பிள்ளைக்காரி எழுந்து ஓடவா முடியும்? சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"ஆட்றவங்களுக்கு மட்டும்தான் தெரியும் பெரிம்மா. வெளிய சொல்லக்கூடாதுன்னு மைக்கு அண்ணன் எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கினாரு. யாருனா வியுந்து அடிபட்டா அடின்னு மைக்குல சொல்ல மாட்டாரு. தண்ணி குடிக்குதுன்னுதான் சொல்லுவாரு. அத்த கேட்டதும் ஐஸ் பொட்டியும் வண்டியும் வந்துரும். கிரவுண்டுல பாக்கறவங்க அவரு ஒளர்றாருன்னு நெனச்சிப்பாங்க, வூட்ல குந்திக்கினு கேக்கற அம்மாங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எதுக்கு அப்படி?"

"நம்ம செல்லம்மா அக்கா சாஞ்சி சாஞ்சி நடக்குது இல்ல? கரையில வழுக்கி வியுந்துச்சின்னுதான் எல்லாருக்கும் தெரியும். ஏன் ஓடுச்சின்னு யாரும் கேக்கல. அண்ணன் மைக்கு புடிச்ச மொத வருசம், அவங்க புள்ள முத்துகிருஷ்ணன் மண்டையில அடி, பேச்சு மூச்சு இல்லன்னு உள்ளத உள்ளபடி சொல்லிட்டாரு. அத்த கேட்டுட்டு ஓடியாந்ததுதான் அந்தம்மா. இடுப்பு போயிடுச்சி. புள்ள அதுக்குள்ள எழுந்து குந்திக்கினு மோர் குடிக்கிறான்."

மேரி கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடி பனைமரத்தையே பார்த்தாள். குழாயில் அவன் குரல் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்கோரைத் தப்பாகச் சொன்னான், மன்னிப்புக் கேட்டான், திருத்திச் சொன்னான், அதையும் தப்பாகச் சொன்னான்.

போன சித்திரை ஞாபகம் வந்தது. "நம்ம நிஷா தண்ணி குடிக்குது" என்று இதே குரல்தான் சொன்னது. இதே மரத்தடியில் உட்கார்ந்து இவள் அவனைத் திட்டினாள். திட்டிவிட்டு உள்ளே போய் நிம்மதியாக ரசத்துக்குப் புளி கரைத்தாள். அங்கே முட்டி பிசகி மகள் மண்ணில் புரண்டுகொண்டிருந்திருக்கிறாள். வண்டி வந்து, கட்டுப் போட்டு, மகள் வலி குறைந்து சிரித்துக்கொண்டே வீட்டு வாசலில் இறங்குகிற வரைக்கும் இவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒரு சாயங்காலத்தை அவன் இவளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

இவளுக்கு மட்டுமா? நெசவாளர் தெருவில் ஸ்ரீலேகாவின் அம்மா கோமளவல்லி இந்த நிமிஷம் தறி போட்டுக்கொண்டே இதே குழாயைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் மிதிக்கிற கால் கட்டை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள்! எத்தனை வீட்டில் அடுப்பு அணையாமல் எரிந்தது! ஊரே கூடி அவனைக் குருடன் என்றது, சொல்லத் தெரியாதவன் என்றது. ஒரு நாளாவது வாயைத் திறந்து, ஏன் என்று சொன்னானா பாவி மனுஷன்?

மேரிக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் நடுப்பூசை மணி அடிக்கும்போது வருகிற சிலிர்ப்பு. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒருத்தன்மேல் அது வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஸ்ரீலேகாவுக்கு ஒண்ணும் இருக்காது இல்ல?" என்று கேட்டாள்.

"மோர் பேரு சொன்னாரு இல்ல, அப்போ சின்ன அடிதான். பெரிய அடின்னா அவருக்கு மோர் ஞாபகம் வராது" என்றாள் ஜெனிஃபர்.

சாயங்காலம் தென்னேரியோடு இறுதி ஆட்டம். மேரி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் புருஷோத்தமனைத் திட்டாமல் கேட்டாள். திட்டாமல் கேட்டால் குரலில் என்னென்னவோ கேட்கிறது. யாராவது கோட்டைத் தாண்டி உள்ளே போகும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். திரும்பி வந்ததும் விடுகிறான். அந்த "அடடடடா" அலங்காரத்துக்குச் சொல்வது இல்லை. பதறுகிற நெஞ்சை அடக்கிக்கொள்ள அவனுக்கு அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. ஆல்பர்ட் எல்லாவற்றையும் காட்டுவான், உண்மைதான். இவன் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் குரலுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டிருக்கிறான். மேரி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

இரண்டு அணிக்கும் சமமான புள்ளி. நிஷா ரெய்டு போனாள். கூட்டம் கத்தியது. கத்தல் சட்டென்று நின்றது.

"அடடடடா..."

மேரி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நம்ம... நம்ம நிஷா தண்ணி குடிக்குது."

அவ்வளவுதான். மோர் வரவில்லை. அரிசி மண்டி வரவில்லை.

ஜெனிஃபர் வாயைத் திறப்பதற்குள் மேரி எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். "பெரிம்மா, பாத்து! செருப்பு! செல்லம்மா அக்கா மாரி வியப்போறே!" என்று பின்னால் கத்தியது அவள் காதில் விழவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம். தெரிந்து தொலைத்த பிறகு என்ன செய்வது? முட்டி போயிற்று, மகளின் ஆட்டம் போயிற்று, விடிவதற்கு முன் ஓடின ஓட்டமெல்லாம் போயிற்று என்று புலம்பிக்கொண்டே ஓடினாள். வெறுங்காலோடு, கருவேல முள் குத்தக் குத்த, கையை ஊன்றிக் கரைமேல் ஏறினாள்.

மேலே நின்று பார்த்தாள். கீழே வறண்ட ஏரி முழுக்க ஜனம். ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு கும்பல் வட்டமாகக் குனிந்து நின்றது. நிஷா அதற்குள் எங்கேயோ இருந்தாள். தெரியவில்லை.

டிராக்டர் டிப்பர்மேல் மைக்கோடு நின்ற புருஷோத்தமன், கரைமேல் புடவை பறக்க ஓடிவருகிற ஒரு பெண்ணைப் பார்த்தான். யார் என்று அடையாளம் தெரிந்தது. எதற்கு ஓடி வருகிறாள் என்பதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. குழாய் தலைக்குமேல் கரகரத்தது.

"மேரியக்கா! ஓடாதக்கா! அங்கியே நில்லு! கரை வயுக்கும்! முட்டி நல்லா கீது. முயங்கைலதான் செராய்ப்பு. தூக்கி வுட்டாச்சு. இப்போ நெசமாவே தண்ணிதான் குடிக்குது!"

ஏரி முழுக்க இருந்த தலைகள் கரைப் பக்கம் திரும்பின.

"நீ சொல்றத நான் எப்படிய்யா நம்புறது?" என்று மேரி பனைமரத்தைப் பார்த்துக் கத்தினாள். அவள் குரல் அவ்வளவு தூரம் போயிருக்காது. அவனுக்கே அந்தக் கேள்வி தோன்றியிருக்க வேண்டும். மைக்கோடு டிப்பரிலிருந்து குதித்தான். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினான். நடுவர் விசில் ஊதினார், அவன் நிற்கவில்லை. அவனுடைய மூச்சிரைப்பு குழாயில் ஊரெல்லாம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மடக். மடக். மடக்.

தண்ணீர் தொண்டையில் இறங்குகிற சத்தம். அண்ணாந்து, சொம்பில் வாய் படாமல், உயரத் தூக்கி ஊற்றிக்கொள்கிற சத்தம். வயல் தாண்டி, நெசவாளர் தெரு தாண்டி, ஊர் மொத்தமும் அதைக் கேட்டது.

மேரி கரையில் அப்படியே நின்றாள். படுத்துக் கிடக்கிறவள் அண்ணாந்து குடிக்க முடியாது. வலியில் துடிக்கிறவளுக்குத் தண்ணீர் இப்படி இறங்காது. மகள் நிற்கிறாள். இரண்டு காலிலும் நிற்கிறாள்.

மடக். மடக். கடைசியில் நிஷா எப்போதும் விடுகிற அந்த "ஹா".

மேரிக்குக் கண்ணில் நீர் கொட்டியது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, குழாயைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி அதட்டினாள்.

"மெதுவா குடிடீ, பொற ஏறப் போவுது!"